சமையலறைச் சாக்கெட்டில் இருந்த அலைவெண் பதிவுக்கருவி

இந்த வாக்குமூலத்துக்கு என் பெயரும் முகவரியும் தனியே எழுதிக் கொடுத்துள்ளேன். வயது முப்பத்தெட்டு. மின்தொகுப்பு ஆய்வுப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். எந்த இயந்திரம் ஓட வேண்டும் என்று உத்தரவிடும் மத்தியக் கட்டுப்பாட்டு அறையின் ஷிப்ட் அதிகாரி என் கணவர்.

மதியத்தில் சூரிய மின்சாரம் எவ்வளவு வந்தாலும், அனல் நிலையங்களின் கனத்த இயந்திரங்கள் குறைந்தது நான்கு சுழல வேண்டும், இல்லையேல் எங்கேனும் ஒரு நிலையம் துண்டானால் மின்சாரத்தின் அலைவெண் ஐம்பது ஹெர்ட்ஸிலிருந்து மளமளவென விழுந்து ஊரே இருண்டுவிடும் என்று மதிப்பிட்டு அறிக்கை கொடுத்தவள் நான். சென்ற செவ்வாய் மதியம் 12.40க்குப் பெரிய சூரிய நிலையம் ஒன்று துண்டானது. அதன்பின் எல்லா ஊர்களிலும் மின்சாரம் போனது. அதன்பின் சிக்னல் அணைந்த நாற்சந்தியில் சைக்கிளில் வந்த தபால்காரர் லாரி மோதி இறந்தார். நான்கு இயந்திரங்களும் ஓடின, மதிப்பீடுதான் தவறு என்று என் கணவர் கட்டுப்பாட்டு அறைக் குறிப்பேட்டில் எழுதினார். அந்தச் சாவு என் தலையில் விழுந்தது.

எங்கள் சமையலறைச் சாக்கெட்டில், அலைவெண்ணை நொடிக்கு நொடி பதியும் கருவி ஒன்றை மாட்டியிருந்தேன். நான்கு இயந்திரங்கள் ஓடியிருந்தால் அலைவெண் விழப் பத்து நொடியாவது ஆகியிருக்கும், இரண்டுதான் என்றால் மூன்றே நொடி. அன்று மாலை வீட்டுக்குப் போனபோது கருவி உடைந்து கிடந்தது. உள்ளே மெமரி கார்டு இல்லை.

"மிக்ஸி போடலாம்னு கழட்டினேன், கை தவறிடுச்சு" என்றார் கணவர். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் மிக்ஸியைத் தொட்டதில்லை.

அதன்பின் அவரே ஆரம்பித்தார். "கணக்குல சின்ன தப்புன்னு சொல்லிடேன். உனக்கு ஒரு மெமோவோட போயிடும். சூரிய மின்சாரத்துல சாதனை காட்டணும்னு மேல சொன்னாங்க, ரெண்டை நிறுத்திட்டேன். என்ன பண்ணச் சொல்ற?"

நடந்ததை முதலிலேயே சொல்லியிருந்தால் அவருக்காக நானே வக்கீல் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். என்னை மாட்டிவிடும்படி எழுதிவிட்டு, அதற்குப் பிறகு வந்து கேட்கிறார்.

ஒரே மின்தொகுப்பில் எந்தச் சாக்கெட்டிலும் ஒரே அலைவெண்தான். அது அவருக்கும் தெரியும். சோதனைக்காகப் போன மாதம் தங்கை வீட்டிலும் ஒரு கருவி மாட்டியது மட்டும் தெரியாது. நான் மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதில் மூன்று நொடி என்று இருக்கிறது. அதை இன்று இந்த விசாரணையில் ஒப்படைத்தேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. அவசரத்துக்குத் தகவல் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் கணவர் பெயரை அடித்துத் தங்கை பெயரை எழுதியவள் நானே. அந்தத் திருத்தத்துக்கும் சேர்த்துக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)