சவுக்குமேட்டு அறிவிப்பு

மைக்கில் பேசக் குரல் முக்கியம் இல்லை, மேடம். வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் முக்கியம். சுவரைப் பார்த்து நிறுத்தினால் சத்தம் திரும்பி நம் மூஞ்சியிலேயே அடிக்கும். எதிர்க்காற்று அடித்தால் பாதித் தெருவுக்குப் போய்ச் சேராது. ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் எத்தனையோ வருடமாக என் ஆட்டோவில்தான் எல்லாச் செய்தியும் போயிருக்கிறது. கூழ் ஊற்றுவது, கரண்ட் நிறுத்துவது, காணாமல் போன பிள்ளை, மெத்தை வாங்கினால் தலையணை இலவசம். வேம்புலி மைக் செட் என்றால் கரையான்சாவடி வரைக்கும் தெரியும்.

நான் ரயில்வே போலீசுக்கு வந்தது ரயில் ஓட்டுநர் மேல் புகார் கொடுக்க. இன்ஸ்பெக்டர் நீங்கள் முதலிலிருந்து சொல் என்கிறீர்கள். சொல்கிறேன், மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது.

எங்கள் இடத்துக்குச் சவுக்குமேடு என்று பெயர் வந்த கதையை வக்கீல் செல்வகுமார்தான் எனக்குச் சொன்னார். ராயபுரத்திலிருந்து முதன்முதலில் ரயில் விட்ட வெள்ளைக்காரக் கம்பெனிக்கு நிலத்தைச் சர்க்காரே சும்மா தூக்கிக் கொடுத்ததாம். அப்போது இன்ஜினுக்கு விறகு போட்டுத்தான் ஓட்டினார்கள். அந்த விறகுக்காகத் தண்டவாளத்தை ஒட்டிய மேட்டில் சவுக்கு நட்டார்கள். வெட்ட வந்த கூலிக்காரர்கள் அங்கேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். பிறகு நிலக்கரி வந்துவிட்டது. தோப்பு இனி எங்களுக்கு வேண்டாம் என்றது ரயில்வே, சரி கொடு என்றது வனத்துறை, ஆனால் கைமாற்றுகிற வேலையை யாரும் முடிக்கவில்லை. ரயில்வேக்காரனைக் கேட்டால் அது காடு. காட்டுக்காரனைக் கேட்டால் அது ரயில்வே. இரண்டு பேரும் கண்டுகொள்ளாத அந்தச் சந்தில்தான் நாற்பது குடும்பம் பிழைத்துக் கிடந்தோம்.

நானும் என் மனைவி வனஜாவும் பிற்பாடு அங்கே வந்தவர்கள். கல்யாணமான புதிதில் அம்பத்தூரில் ஏரிக்கரையில் இருந்தோம், இடித்தார்கள். திருவேற்காட்டுப் பக்கம் ஆற்றோரம் போனோம், அங்கேயும் இடித்தார்கள். இரண்டாம் தடவை அவள் வயிற்றில் குழந்தை. சாமான்களைத் தூக்கித் தூக்கி வெளியே வைத்ததில் அது தங்கவில்லை. அதோடு அவள் பேச்சும் நின்றுபோனது. சவுக்குமேட்டில் பக்கத்து வீட்டுக் கமலம் அக்காதான் அவளை மனுஷியாக்கினார். அக்கா அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்கிறவர், தனி ஆள். வேலை முடிந்து வந்ததும் வனஜாவை வாசலில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டு, எந்த பிளாட்டில் மாமியார் மருமகள் சண்டை, யார் வீட்டு நாய்க்குப் பிறந்தநாள் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். ஒரு வருடம் போல அவர் மட்டும்தான் பேசினார். பிறகு ஒரு நாள் வனஜா, “மெதுவா வாருக்கா, வலிக்குது” என்றாள். நான் ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

போன வருடம் வனத்துறை அளவை ஆட்கள் வந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே வனஜா சொன்னாள். “இன்னொரு வாட்டி ஊட்ட இடிச்சாங்கன்னா நான் ரயிலாண்ட பூடுவேன்யா.” கத்திச் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். உப்புத் தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோல் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வக்கீலிடம் ஓடினேன். அவர் பொறுமையாக விளக்கினார். மேட்டைக் காப்புக்காடு ஆக்கத்தான் கல் நட்டிருக்கிறார்கள், இது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டாம் வருட வனச் சட்டம். ஓர் இடத்தைக் காப்புக்காடு ஆக்குவதற்கு முன்னால் அங்கே குடியிருப்பவர்களுக்குச் சத்தமாக அறிவிக்க வேண்டும். உரிமை உண்டு என்கிறவர்கள் கெடுவுக்குள் வந்து கேட்க வேண்டும். வாய் திறக்காதவன் உரிமை அதோடு செத்தது. மலையிலும் காட்டிலும் எத்தனையோ ஜனம் இப்படி நிலத்தை விட்டுப் போயிருக்கிறது என்று அவர் வருத்தப்பட்டார். எனக்கு அதில் ஒன்றுதான் மனதில் நின்றது. அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. காதில் விழ வேண்டும் என்று இல்லை.

இன்னொன்றும் சொன்னார். நாற்பது பேரும் வந்து நின்றால் மொத்தமாக ஆக்கிரமிப்பு என்று எழுதிவிடுவார்கள், ரோட்டோரமாக ஒரே ஒரு வீடு என்றால் எல்லைக்கோட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றார். பொதுவாகத்தான் சொன்னார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரோட்டோரமாக இருந்தது என் வீடு.

வனத்துறையின் அறிவிப்பு வேலை என்னிடமே வந்தது. அந்தப் பக்கத்தில் வேறு யாரிடம் போகும்?

எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை, மேடம். எந்த இடம், எது எல்லை, எப்போது கெடு, யாரிடம் வந்து கேட்க வேண்டும், எல்லாம் சொன்னேன். மத்தியானம் போனேன். அப்போது ஆம்பளைகள் திருமழிசைத் தொழிற்பேட்டையில் இருப்பார்கள், பெண்கள் அடுக்குமாடிகளில் இருப்பார்கள். வண்டியைத் தண்டவாளத்தை ஒட்டி நிறுத்திக்கொண்டு சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டெய்னர் ஏற்றின கூட்ஸ் வந்தது. அது நீளமான வண்டி, ஊர்ந்துதான் போகும், பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. அது தலையைக் காட்டியதும் ஆரம்பித்தேன், கடைசிப் பெட்டி போவதற்குள் முடித்துவிட்டேன். அடுத்த இடத்தில் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தேன். சாட்சிக்குக் கூட வந்த அலுவலக ஆள் பின்னால் உட்கார்ந்து போனில் யாரையோ சமாதானம் செய்துகொண்டிருந்தார். போகும்போது வேப்பமரத்தில் ஒரு நோட்டீசும் ஒட்டினார். மைதாப் பசை, மறுநாளே ஆடு தின்றுவிட்டது. ஆட்டை நான் ஏவவில்லை.

கமலம் அக்கா அன்று காய்ச்சலில் வீட்டில் இருந்தார் போலிருக்கிறது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

“இன்னா வேம்புலி, மைக்ல இன்னாவோ சொல்லிகினு இருந்தியே, ஒண்ணும் காதுல வுழல. இன்னா சேதி?”

“ஒண்ணும் இல்லக்கா. நாளைக்குத் தண்ணி லாரி லேட்டா வருதாம்.”

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. மறுநாள் லாரி தாமதமாகத்தான் வந்தது.

அப்புறம் கெடு முடிய மூன்று மாதம் இருந்தது. எந்த நாளில் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் வாய் வரைக்கும் வந்தது. வாசலில் அக்கா தலை வாரிக்கொண்டிருந்தார், வனஜா எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு நிலைக்க வேண்டும் என்றால் நான் சும்மா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்காக மட்டும் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். வக்கீல் சொன்னது போலவே எல்லைக்கோட்டை என் வீட்டைச் சுற்றி வளைத்துக் கொடுத்தார்கள்.

ஜேசிபி வந்த அன்று ஜனம் அதிகாரியைச் சூழ்ந்துகொண்டது. அறிவிப்பே வரவில்லை, வந்திருந்தால் எங்கள் வேம்புலி சொல்லியிருப்பானே என்று எல்லாரும் என் பெயரைச் சொல்லித்தான் வாதாடினார்கள். அதிகாரி என் பக்கம் கையைக் காட்டினார். அறிவித்தேன், ஒரு சொல் குறையாமல் அறிவித்தேன் என்றேன். ஜேசிபி முன்னால் நகர்ந்தது. நம் வீட்டை மட்டும் ஏன் இடிக்கவில்லை என்று வனஜா கேட்டாள், அம்மன் புண்ணியம் என்றேன். அவள் நம்பினாள். குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்தாள். வீடு இழந்தவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கமலம் அக்கா கதவைத் தட்டினார். நான் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. வேறு யாரையாவது உள்ளே சேர்த்தால் வீட்டுக்கே சிக்கல் வரும் என்று பயம்.

“ஒண்டிக்க வர்ல வேம்புலி,” என்றார் வெளியிலிருந்தே. “ஒண்ணே ஒண்ணு கேட்டுகினு பூடறேன். அன்னிக்கி நீ தண்ணி லாரின்னுதான சொன்ன?”

வனஜா அடுப்படியில் இருந்தாள். கை அப்படியே நின்றது.

“ஆமாக்கா,” என்றேன். என்னமோ அப்போது மட்டும் உண்மை வந்துவிட்டது.

“செரி. இனிமே வனஜாக்கு நீயே தலை வாரி வுடு,” என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

அதற்குப் பிறகு வனஜா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விடிந்ததும் குளித்தாள், விளக்கேற்றினாள், சீப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் உள்ளே ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். சவுக்குமேட்டில் முப்பத்தொன்பது வீட்டை இடித்தது ஜேசிபி இல்லை, நான். தெரிந்தேதான் செய்தேன். கீழே கையெழுத்துப் போடுகிறேன், எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் வனஜா ரயிலில் அடிபட்டுச் செத்த விஷயம் வேறு. அவள் அக்காவைப் பார்க்கத்தான் தண்டவாளத்தைத் தாண்டினாள். இல்லாவிட்டால் கையில் சீப்பு எதற்கு? நடுவில் நின்று ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அந்த ஓட்டுநர் சொல்கிறார். ஹாரன் அடித்தேன், விதிப்படி விடாமல் அடித்தேன் என்கிறார். அடித்தார்தான், இல்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் இருந்த எனக்கே கேட்டது. ஆனால் அடித்துவிட்டால் ஒருத்தனின் கடமை முடிந்துவிடுமா, மேடம்? அது அவள் காதில் விழுந்ததா என்று பார்க்க வேண்டாமா?