சங்கின் கொழுப்பு

ட்சுபு சங்கின் சதையை நேராக இழுத்தால் பாதியில் அறுந்துவிடும், ஐயா. கம்பி ஊசியைக் குத்தி, ஓடு சுற்றியிருக்கும் போக்கிலேயே மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். என்னைப் போல முழுசாக எடுக்கிற ஆள் ரெபுன் தீவில் வேறு கிடையாது. புகாரில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நல்ல ஜீவன் அது. உள்ளங்கை நிறையும். தடித்த பழுப்பு ஓட்டில் கயிறு சுற்றினாற்போல வரம்புகள். குளிரில் வளர்ச்சி நின்ற இடத்தில் தழும்பு. வாய்க்கு ஒரு மூடி. சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து ஊர் ஊராகப் போகும். இதன் குஞ்சு அப்படியில்லை. முட்டைக்கூட்டை விட்டு நேரே பாறையில் ஊர்ந்து இறங்கி, பிறந்த இடத்திலேயே ஓடு தடித்து முடிந்துபோகும். அதை நான் ஒழுக்கம் என்பேன்.

சதைக்குள் இரண்டு மஞ்சள் மணிகள் இருக்கும். கொழுப்பு என்போம். கிள்ளி எறியாமல் தின்றால் தலை சுற்றும், ஒன்று இரண்டாகத் தெரியும், கால் நிற்காது. மறுநாள் சரியாகிவிடும்.

என் மகள் தொமோயே நர்ஸ் படிப்புக்குச் சப்போரோ கிளம்பிய காலையில் தலை சுற்றியது. காதுக் கோளாறு என்றார் டாக்டர். ஒதாருவில் வேலை கிடைத்துக் கிளம்பிய காலையிலும் சுற்றியது. அவளைக் கட்டிக்கொள்ள வந்தவன் துறைமுகத்தில் இரண்டு கப்பலை விட்டுவிட்டு மூன்றாவதில் தனியாகப் போனான்.

பக்கத்து வீட்டு வலைக்காரன் காஜிதா கேலி செய்வான்: “ஏம்மா, எங்களுக்கெல்லாம் கப்பல்ல ஏறினாத்தான் ஆடும். உனக்கு டிக்கெட்டப் பாத்தாலே ஆடுதே.”

ஒவ்வொரு தடவையும் நெற்றியில் ஈரத்துணி போட்டுக் கஞ்சி ஊட்டியவன் நான்தான். பதினாறு வருஷத்தில் ஒரு முகச்சுளிப்பு உண்டா என்று அவளையே கேளுங்கள்.

நேற்றுக் காலை மறுபடியும் பெட்டி கட்டியிருந்தாள். மிசோ சாற்றில் கிடந்த சங்குத் துண்டைக் குச்சியால் பிளந்து பார்த்தாள். பிறகு என் கிண்ணத்துத் துண்டையும் பிளந்தாள்.

“டிக்கெட் எடுக்காத நாள்ல எனக்கு ஒரு தடவகூட சுத்தினதில்லப்பா. கவனிச்சீங்களா?”

“என்னமோ போ.”

“உங்களுதுல கொழுப்பு இல்லையே.”

“வயசாச்சும்மா. கண்ணு சரியாத் தெரியல.”

“உங்க துண்டுக்கு மட்டும் தெரியுதாக்கும்.” கிண்ணங்களை மாற்றி வைத்தாள். “இந்த ஒரு வேள இத நீங்க சாப்பிடுங்க.”

சாப்பிட்டேன். சோற்றை வீணாக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அரை மணியில் வாசலில் இரண்டு தொமோயே செருப்பு மாட்டினார்கள். இரண்டு பேரும் இரண்டு கப்பலில் ஏறியதைத் தரையில் கிடந்தபடி சன்னல் வழியே பார்த்தேன். ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆமாம், அவள் துண்டில் கொழுப்பை விட்டுவைத்தது நான்தான். அது தகப்பன் செய்தது. இவள் செய்தது விஷம் வைத்தது. அப்படியே எழுதுங்கள்.

கப்பல் போய்ச் சேருகிற வக்கனாய்த் துறைமுகத்துக்கும் ஒரு போன் போட்டு, அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், ஐயா. அடிக்கடி தலை சுற்றுகிற பெண். நான் பக்கத்தில் இல்லாமல் என்ன செய்வாள்.