அஞ்சரைக்கு வாங்க

அண்ணி: நாப்பது வண்டி ஹார்னையுமா?

கொழுந்தன்: நாப்பதையும்! ஒண்ணு விடலை அண்ணி. முன் வரிசை இருபதும் 'ச'. பின் வரிசை இருபதும் 'ப'. எல்லாரும் சேர்ந்து ஒரே அமுக்கா அமுக்கினாங்கன்னு வைங்க… இந்தக் கார் நிறுத்துற இடமே தம்புராவா ஆயிடும்!

அண்ணி: உனக்கென்ன பைத்தியமா?

கொழுந்தன்: கொஞ்சம் இருக்கு. இசை விழாச் செயலாளரா இருக்கணும்னா அது வேணுமே.

அண்ணி: விளையாடாதே தம்பி. பாட்டுக் கச்சேரில ஹார்னுக்கு என்ன வேலை?

கொழுந்தன்: கைதட்டுற வேலை. நோய் வந்து அரங்கத்தைப் பூட்டி எட்டு மாசம் ஆச்சு. வெளியில நடத்திக்கோங்கன்னு இப்பதான் அனுமதி குடுத்திருக்காங்க. அதுவும் யாரும் வண்டிய விட்டு இறங்கக் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது. நீங்க லாரி மேல உக்காந்து பாடுவீங்க, அவங்க கார் ரேடியோல கேப்பாங்க. உள்ள உக்காந்துக்கிட்டு கை தட்டினா உங்களுக்குக் கேக்குமா?

அண்ணி: கேக்காட்டிப் போகுது…

கொழுந்தன்: ஆங், போகுதாம்! வயலின் அம்மா போன மாசம் போன்ல கச்சேரி பண்ணினாங்களே, ஞாபகம் இருக்கா? வாசிச்சு முடிச்சுட்டு, "யாராவது இருக்கீங்களா"ன்னு கேட்டாங்க. முந்நூறு பேர் இருந்தாங்க. அத்தனை பேரும் மியூட்ல!

அண்ணி: அன்னைக்கு அவ எனக்கு போன் பண்ணி ஒரு மணி நேரம் அழுதா.

கொழுந்தன்: அதான். நீங்க அழக் கூடாதுன்னுதான் ஹார்ன். ஆனா வண்டிக்கு ஒரு சுருதியில அலறினா நீங்க மேடையை விட்டு எழுந்து ஓடிடுவீங்க. அதனால எல்லாத்தையும் உங்க கட்டைக்குச் சேர்த்தாச்சு.

அண்ணி: என்… கட்டைக்கா?

கொழுந்தன்: ஆமா.

அண்ணி: என் கட்டைன்னா… அஞ்சரைக்கா?

கொழுந்தன்: உங்களுக்கு வேற கட்டை உண்டா என்ன? உங்க பேரைச் சொன்னா இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. அஞ்சரை அம்மான்னா கைக்குழந்தை கூடத் திரும்பிப் பார்க்கும். என்ன அண்ணி, முகமே மாறிப்போச்சு?

அண்ணி: மாஸ்க்குக்குள்ள என் முகம் உனக்கு எங்க தெரிஞ்சுது?

கொழுந்தன்: புருவம் தெரியுதே.

அண்ணி: இதை ஏன் முன்னாடியே எங்கிட்ட சொல்லலை?

கொழுந்தன்: ஆச்சரியப்படட்டும்னு…

அண்ணி: ஆச்சரியமா? அதுவும் கடைசி நேரத்துலயா!

மெக்கானிக்: சார்! சார்! முப்பத்தெட்டு வந்தாச்சு! அம்மா, வணக்கம்மா. நான் சிரிக்கிறேன், மாஸ்க்கால தெரியலை.

கொழுந்தன்: இவரை உங்களுக்குத் தெரியுமே. நம்ம வாஷிங் மிஷினுக்கு பெல்ட் மாட்டினவர். இப்ப ஹார்ன் வித்வான்.

மெக்கானிக்: மாட்டினவர் என்ன சார், மாட்டிக்கிட்டே இருக்கறவர்! மூணு மாசத்துல மூணு பெல்ட்டும்மா. உங்க வீட்டுல அப்படி என்னதான் துவைக்கறீங்க?

அண்ணி: அது… நோய்க்காலம் இல்லையா. துணியெல்லாம் ரெண்டு தடவை அலசறேன்.

கொழுந்தன்: அதை விடுங்க. அண்ணிகிட்ட உங்க வித்தையைச் சொல்லுங்க.

மெக்கானிக்: ஒரு வாரமா ஷெட்டே கச்சேரிதாம்மா! வரிசையா வண்டி வருது, நான் சுருதிப் பெட்டியைக் காதுல வச்சுக்கிட்டு ஹார்ன் திருகாணியைத் திருப்பறேன். முதல்ல எனக்கு ஒண்ணும் புரியலை. சார் வந்து அஞ்சு…

கொழுந்தன்: அஞ்சு மணிக்கு! ஆமா, சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் வந்தேன். மேல சொல்லுங்க.

மெக்கானிக்: ஆங்… அஞ்சு மணிக்கு வந்து, "இந்தக் கட்டைக்கு வைக்கணும்"னாரு. நான் மரக்கட்டைன்னு நெனச்சு ஒரு பலகையைத் தூக்கிட்டு வந்து நின்னேன்!

அண்ணி: பலகையா!

மெக்கானிக்: சிரிச்சுட்டீங்களா! அப்பறம்தான் சொன்னாரு, ஆர்மோனியத்துல அமுக்கற கட்டையாம். நம்பர் ஏற ஏறக் குரல் மேல போகுமாம். இவ்வளவுதானேன்னு உக்காந்தேன் பாருங்க… இப்ப எந்த வண்டி ஹார்ன் அடிச்சாலும் எத்தனை கட்டைன்னு காது தானா சொல்லுது. என் வீட்டுக்காரி என்னோட பேசறதையே நிறுத்திட்டா.

அண்ணி: ஏன்?

மெக்கானிக்: அவ திட்டினப்ப, "இது ஆறரை"ன்னு சொல்லிட்டேன்.

கொழுந்தன்: இனிமே இங்க வண்டிங்க நெரிசல்ல சிக்கி ஹார்ன் அடிச்சா கூட சுருதி சுத்தமா இருக்கும் அண்ணி!

அண்ணி: எங்க, ஒரு வண்டியை அடிச்சுக் காட்டச் சொல்லேன்.

கொழுந்தன்: ஐயையோ! அஞ்சரை மணிக்கு முன்னாடி ஒரு ஹார்ன் சத்தம் கேட்டாலும் அனுமதி ரத்துன்னு எழுதியே குடுத்திருக்காங்க. பக்கத்துல ஆஸ்பத்திரி.

மெக்கானிக்: ஒரே ஒரு வண்டிதாம்மா அடங்கலை. அந்த வெள்ளை வண்டி. ரெட்டைக் குரல்ல கத்துது. அவர்கிட்ட, ஐயா நீங்க லைட்டை மட்டும் அடிங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்.

அண்ணி: லைட்! ஆமாம் தம்பி, எல்லாரையுமே லைட் அடிக்கச் சொல்லேன்! எவ்வளவு அழகா இருக்கும்! சத்தமே இல்லாம…

கொழுந்தன்: வெயில் இன்னும் இறங்கலையே அண்ணி. லைட் எங்க தெரியும்?

அண்ணி: கண்ணாடியைத் துடைக்கிற கம்பி இருக்கே, அதை ஆட்டச் சொல்லு!

கொழுந்தன்: நாப்பது வண்டியும் 'இல்லை, இல்லை, வேண்டாம், வேண்டாம்'னு கையை ஆட்டற மாதிரி இருக்கும். பாட்டு நல்லா இல்லைன்னு அர்த்தம் ஆயிடும்.

அண்ணி: உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில்… ஏங்க, மெக்கானிக், அந்தத் திருகாணியை இப்ப கொஞ்சம் இறக்க முடியுமா?

மெக்கானிக்: இன்னுமாம்மா?

கொழுந்தன்: இன்னும் ரெண்டு வண்டி வரணும் பாருங்க, போய்ப் பாருங்க! வாசல்ல அண்ணன் தனியா விசில் ஊதிக்கிட்டிருக்காரு.

மெக்கானிக்: இல்ல சார், அம்மா என்னமோ…

அண்ணி: ஒண்ணுமில்லை. சும்மா கேட்டேன். நாப்பது வண்டிக்கும் இறக்கணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?

மெக்கானிக்: வண்டிக்குப் பத்து நிமிஷம்னா… அம்மா, கச்சேரியை நாளைக்கு வச்சுக்கணும்.

அண்ணி: ம்.

மெக்கானிக்: சார், சொல்ல மறந்துட்டேனே! நாப்பத்தொண்ணாவதா ஒண்ணு வந்திருக்கு. ஆம்புலன்ஸ்!

அண்ணி: ஐயோ, யாருக்கு என்ன?

மெக்கானிக்: யாருக்கும் ஒண்ணுமில்லைம்மா. டிரைவர் கச்சேரி கேக்க வந்திருக்காரு. இன்னைக்கு அவருக்கு லீவாம். சைரன் பக்கம் கையே போகாதுன்னு சத்தியம் பண்ணியிருக்காரு.

கொழுந்தன்: அண்ணி, அவர்தான்… அன்னைக்கு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனவர்.

அண்ணி: அவரா?

கொழுந்தன்: "அந்த அம்மா வண்டில மூச்சுக்குத் திண்டாடினதைத்தான் நான் கேட்டிருக்கேன். பாடறதைக் கேக்கணும்"னாராம்.

மெக்கானிக்: நான் போறேன் சார். அஞ்சரைக்கு வெளியிலேருந்து குரல் குடுக்கறேன். வரவேற்பு ஹார்ன், எல்லாரும் ஒரே சமயத்துல!

அண்ணி: தம்பி.

கொழுந்தன்: சொல்லுங்க.

அண்ணி: நான் பாடலை.

கொழுந்தன்: மணி அஞ்சு இருபத்திநாலு அண்ணி.

அண்ணி: மணி சொல்லாதே! இந்த அறைக் கதவைச் சாத்து முதல்ல.

கொழுந்தன்: சாத்தக் கூடாது. காத்தோட்டம் வேணும்னு கமிட்டி உத்தரவு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி: அப்ப கிட்ட வா.

கொழுந்தன்: ஆறடி அண்ணி.

அண்ணி: கடவுளே… ஒரு ரகசியம் சொல்லக் கூட விடமாட்டேங்குதே இந்த நோய்! சரி, கத்தியே சொல்றேன். எனக்கு இப்ப அஞ்சரை எட்டலை. காய்ச்சல் வந்து போனதுலேருந்து மேல போனா மூச்சு அறுந்துபோகுது. அஞ்சுல பாடறேன். அஞ்சுல நல்லாத்தான் இருக்கு, ஒரு குறையும் இல்லை. ஆனா அஞ்சு. பதினேழு வயசுலேருந்து என்னை அஞ்சரை அஞ்சரைன்னு கூப்பிடறாங்க. அதுல அரை போயிடுச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உங்க அண்ணன்கிட்ட கூடச் சொல்லலை. அவமானமா இருந்துச்சுப்பா.

கொழுந்தன்: அண்ணி…

அண்ணி: பேச விடு. இன்னைக்குச் சத்தமில்லாம அரைக் கட்டை இறக்கிப் பாடிட்டு இறங்கி வந்துடலாம்னு இருந்தேன். ரேடியோல கேக்கறவங்களுக்கு எங்க தெரியப் போகுது? நீ என்னடான்னா நாப்பது சாட்சியை ரெண்டு வரிசையா நிறுத்தி வச்சிருக்கே! நான் அஞ்சுல முடிப்பேன், அது அஞ்சரைல அலறும். காதுல ரத்தம் வரும். அந்த ஆம்புலன்ஸ்காரர் கூடக் கண்டுபிடிச்சுடுவாரு!

கொழுந்தன்: மிருதங்கத்துக்கு என்ன பண்ணலாம்னு இருந்தீங்க? அது அஞ்சரைக்கு வேற, அஞ்சுக்கு வேற இல்லையா?

அண்ணி: மிருதங்கக்காரர்கிட்ட மட்டும் சொல்லிட்டேன். அஞ்சுக்கு ஒண்ணை எடுத்துட்டு வந்திருக்காரு. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்.

கொழுந்தன்: நல்ல மனுஷன். சொல்ல மாட்டாரு.

அண்ணி: போஸ்டர்ல வேற, என் படத்துக்குப் பக்கத்துல ஆளுயரத்துக்கு எழுத்து! 'அஞ்சரைக்கு வாங்க'ன்னு. அதைத் தாண்டித்தான் உள்ள வந்தேன்.

கொழுந்தன்: எழுத்து நல்லா வந்திருந்துச்சுல்ல?

அண்ணி: என் வாயைக் கிளறாதே. போய்ச் சொல்லு. எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லு. வயலின் அம்மா தனியா வாசிக்கட்டும்.

கொழுந்தன்: சரி, சொல்றேன். ஒரு நிமிஷம் அந்த ஜன்னல்கிட்ட வாங்க.

அண்ணி: எதுக்கு?

கொழுந்தன்: வாங்களேன். நீங்க இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். ஆறடி சரியா இருக்கும்.

அண்ணி: …இவ்வளவு வண்டியா! தம்பி, அந்த நீல வண்டியைப் பாரு… அரங்கத்துல மூணாவது வரிசை நாற்காலில உக்காந்து தலையை ஆட்டுவாரே, அந்தப் பல் டாக்டர்! உள்ள உக்காந்து இப்பவே ஆட்டிக்கிட்டிருக்காரு!

கொழுந்தன்: எட்டு மாசம் ஆச்சே அண்ணி. பசி.

மெக்கானிக்: சார்ர்ர்! மணி அஞ்சரை! அடிக்கலாமா?

அண்ணி: வேண்டாம்! தம்பி, வேண்டாம்னு சொல்லு…

கொழுந்தன்: அடிங்க!

மெக்கானிக்: முன் வரிசை! பின் வரிசை! ஒண்ணு… ரெண்டு… மூணு!

அண்ணி: தம்பி…

கொழுந்தன்: என்ன அண்ணி? ஹார்ன் சத்தத்துல கேக்கலை, கத்திச் சொல்லுங்க!

அண்ணி: இது அஞ்சு!

மெக்கானிக்: அஞ்சேதாம்மா! முதல் வண்டிலேருந்தே அஞ்சுதான்! சார்தான் உங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு…

அண்ணி: அந்த மிருதங்கக்காரர் சொல்லிட்டாரா உனக்கு?

கொழுந்தன்: இல்லை, நான்தான் அவருக்குச் சொன்னேன், உங்களுக்கு ஒரு வாரம் முன்னாடியே. நானும் சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், ரெண்டு பக்கமும் வாசிச்சுப் பழகினவர், சமாளிச்சுட்டாரு.

அண்ணி: அப்ப உனக்கு எப்படி…

கொழுந்தன்: ஒரு நாள் என் சட்டையைப் போடலாம்னு வாஷிங் மிஷின்கிட்ட வந்தேன். மிஷின் கடகடன்னு ஓடுது, உள்ள ஒரு கைக்குட்டை கூட இல்லை. சாத்தின கதவுக்குப் பின்னாடி நீங்க பாடிக்கிட்டிருந்தீங்க. அப்படியே நின்னுட்டேன் அண்ணி. மூணு பெல்ட் தேயற வரைக்கும் தினமும் வந்து நின்னேன். அந்த அஞ்சு மாதிரி ஒரு அஞ்சை நான் கேட்டதே இல்லை.

அண்ணி: ஏண்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?

கொழுந்தன்: எனக்குத் தெரியும்னு சொல்லியிருந்தா இன்னைக்கு வந்திருப்பீங்களா?

அண்ணி: …வந்திருக்க மாட்டேன்.

கொழுந்தன்: அழாதீங்க, மாஸ்க் நனையுது. வேற மாஸ்க் எடுத்துட்டு வரலை.

அண்ணி: பெரிய யோக்கியன் மாதிரிப் பேசறே. அப்ப போஸ்டர்? ஊர் பூரா 'அஞ்சரை'ன்னு ஒட்டினியே… அந்தப் பொய்க்கு என்ன பண்ணப் போறே?

கொழுந்தன்: அது உங்க கட்டை இல்லை அண்ணி, மணி. அஞ்சரை ஆயிடுச்சு… வாங்க!