மாசத்துக்கு நாலு ஞாயிறு

மனைவி: அந்த எண்ணெயை எடுக்காதீங்க... வைங்க, வைங்க.

கணவன்: ஏன், இதுக்கு என்ன? வழக்கமா வாங்கறதுதானே.

மனைவி: அஞ்சு லிட்டர் கேனா எடுத்தா கேஷ்பேக் உண்டு. ஒரு லிட்டர் பாட்டிலுக்குக் கிடையாது.

கணவன்: கேனைத் தூக்கிட்டு பஸ்ல ஏறுறது யாரு?

மனைவி: நீங்கதான்.

கணவன்: அப்ப அந்தக் கேஷ்பேக்ல எனக்குக் கூலி எவ்வளவு?

மனைவி: ராத்திரி சாப்பாடு.

கணவன்: வாரம் பூரா ஊர்ல இருக்கற லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பண்ணி ஏத்தி இறக்கறேன். சனிக்கிழமை சாயங்காலமானா இந்தக் கேன். என் தலையெழுத்து... சரி, போலாமா?

மனைவி: இருங்க, சோப்பு. அது இல்ல... பச்சைக் கவர். நம்ம கம்பெனி.

கணவன்: நம்ம கம்பெனியா! முதலாளியம்மா, மன்னிச்சுக்கங்க. கவனிக்கல.

மனைவி: சிரிங்க, சிரிங்க. வாங்கினா கடைக்காரன் கேஷ்பேக் தர்றான். வருஷத்துல ரெண்டு தடவை கம்பெனிக்காரன் டிவிடெண்ட் தர்றான். குளிக்கறதுக்கு வேற யாரு உங்களுக்குக் காசு குடுப்பா?

கணவன்: நீ வச்சிருக்கற பங்குக்கு அவங்க ஆபீஸ்ல ஒரு நாற்காலிக் காலாவது நமக்குச் சொந்தமா?

மனைவி: கால் வேண்டாம். காலுக்கு அடியில மாட்டுவாங்களே ரப்பர், அது நம்மளுது. அது போதும்... இந்த வரிசைல நில்லுங்க, இதுதான் சீக்கிரம் நகரும். நாளைக்கு டாக்ஸி ஓட்டப் போறப்ப டிபன் பாக்ஸ்ல என்ன வைக்கட்டும்?

கணவன்: எதையாவது வை.

மனைவி: சவாரி எல்லாம் எப்படிப் போகுது? நீங்க டாக்ஸி பத்திப் பேசறதே இல்ல இப்பல்லாம்.

கணவன்: என்ன பேசறது? ஏறுறாங்க, இறங்குறாங்க.

மனைவி: போன ஞாயிறு எங்கெங்க போனீங்க?

கணவன்: ம்... ஏர்போர்ட். ரெண்டு தடவை.

மனைவி: ஏர்போர்ட்டா? அந்த ரோட்டைத் தோண்டிப் போட்டு மூடி வச்சிருக்காங்கன்னு எங்க மருந்துக்கடைக்கு வர்றவங்க சொன்னாங்களே.

கணவன்: சுத்திப் போனேன்.

மனைவி: ரெண்டு தடவையும்?

கணவன்: ரோடு மூடியிருந்தா ரெண்டு தடவையும் மூடித்தானே இருக்கும். நகரு, நம்ம முறை வந்துடுச்சு.

கேஷியர்: வாங்கக்கா. கார்டுதானே?

மனைவி: கார்டுதான்மா. பழைய பாயின்ட்டைக் கழிச்சுடாத. அப்படியே இருக்கட்டும்.

கேஷியர்: தெரியும்க்கா. நீங்க சொன்னதுலேர்ந்து நானும் சேக்கறேன்.

கணவன்: இங்கயும் ஆள் பிடிச்சாச்சா!

கேஷியர்: அண்ணா, சும்மா சொல்லல. வர்ற கேஷ்பேக்கைச் செலவு பண்ணாம தனி அக்கவுன்ட்ல போடச் சொன்னாங்க. போட்டுட்டு வர்றேன்.

கணவன்: எவ்வளவு தேறுச்சு?

கேஷியர்: ஒரு செருப்பு வாங்கலாம்ணா.

கணவன்: ரெண்டு காலுக்குமா?

கேஷியர்: இப்போதைக்கு ஒரு காலுக்குத்தான்.

மனைவி: இன்னொரு கால் தன்னால வரும்மா. நீ இவர் பேச்சைக் கேக்காத. வரட்டுமா?

கேஷியர்: போயிட்டு வாங்கக்கா.

மனைவி: வாங்க... அந்த பெஞ்சுல உக்காரலாம். பஸ் வர நேரம் ஆகும். கேனைக் கீழ வைங்க.

கணவன்: அப்பாடா.

மனைவி: ஒண்ணு சொல்லணும். வீட்ல பாப்பா இருப்பா, இங்கயே சொல்லிடறேன்.

கணவன்: என்ன... பீடிகை பெருசா இருக்கு?

மனைவி: அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க ஞாயித்துக்கிழமை டாக்ஸி ஓட்டப் போக வேண்டாம்.

கணவன்: பஸ் வருதா பாரு.

மனைவி: நான் சொன்னது கேட்டுச்சா?

கணவன்: கேட்டுச்சு.

மனைவி: துள்ளிக் குதிப்பீங்கன்னு பாத்தேன். மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

கணவன்: இல்ல... அந்தக் காசு இல்லாம எப்படி? வாடகை இருக்கு. பாப்பா ஃபீஸ் இருக்கு.

மனைவி: ஆறு வருஷமா நான் அடிக்கற கூத்தெல்லாம் எதுக்குன்னு நினைச்சீங்க? மருந்துக்கடைச் சம்பளம் வந்ததும் முதல்ல ஒரு பிடி எடுத்து அந்தப் பக்கம் வைக்கறேன். அப்புறம்தான் வீட்டுச் செலவு. கேஷ்பேக் மொத்தமும் அந்தப் பக்கம். பாதி பேங்க்ல வட்டிக்கு, பாதி பங்குல. டிவிடெண்ட் வந்தா அதையும் தொட மாட்டேன், அதுக்கும் பங்குதான்...

கணவன்: தெரியும்.

மனைவி: என்ன தெரியும்? நான் சொல்ல ஆரம்பிச்சாலே கொட்டாவி விடுவீங்க.

கணவன்: கொட்டாவி வாய்தானே விடுது. காது தொறந்துதான் இருக்கும்.

மனைவி: எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டேன். மாசத்துக்கு நாலு ஞாயிறு. நாலு ஞாயித்துக்கிழமை டாக்ஸி காசும் உக்காந்த இடத்துல வந்துடுது.

கணவன்: நாலுமா?

மனைவி: நாலும்.

கணவன்: அந்த டயர் கம்பெனிக்காரன் டிவிடெண்டை நிறுத்தினப்ப பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதியே... திரும்ப அப்படி ஏதாவது ஆச்சுன்னா?

மனைவி: அது ஒண்ணும் அழுகை இல்ல. வெங்காயம்.

கணவன்: பாத்ரூம்ல வெங்காயம்.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. வண்டி ஓனர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

கணவன்: நீ எதுக்கு? நான் சொல்லிக்கறேன்.

மனைவி: இத்தனை வருஷம் வண்டி குடுத்தவரு, ஒரு மரியாதைக்கு... நம்பர் என்கிட்டயே இருக்கு. இருங்க.

கணவன்: வேண்டாம். போனை உள்ள வை.

மனைவி: ரிங் போகுது...

கணவன்: வைன்னு சொல்றேன்ல!

மனைவி: எதுக்குக் கத்தறீங்க? ஆளுங்க பாக்கறாங்க.

கணவன்: ...வண்டி இல்ல.

மனைவி: என்ன?

கணவன்: டாக்ஸி இல்ல. வித்துட்டாரு. மூணு மாசம் ஆகப் போகுது.

மனைவி: ஞாயிறு தவறாம டிபன் பாக்ஸோட கிளம்புறீங்க. சாயங்காலம் வந்து என் கையில காசைக் குடுக்கறீங்க.

கணவன்: ம்.

மனைவி: அந்தக் காசு யாருது?

கணவன்: நம்மளுதுதான்.

மனைவி: என்னைப் பாத்துச் சொல்லுங்க. வட்டிக்கு வாங்கினீங்களா?

கணவன்: சேச்சே...

மனைவி: எங்கப்பாவும் இப்படித்தாங்க. ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ன்னே சொல்லிட்டிருந்தாரு. ஒரு நாள் வாசல்ல ஆள் வந்து நின்னாங்க. அம்மா தையல் மெஷின் வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்க. அதுல பாதி தைச்ச என் பாவாடை அப்படியே ஊசியில மாட்டிக்கிட்டு...

கணவன்: ஏய்... இங்க பாரு. கடன் இல்ல. சத்தியமா இல்ல. பாப்பா மேல...

மனைவி: குழந்தையை இழுக்காதீங்க. காசு எங்கேர்ந்து வந்துச்சு? அதைச் சொல்லுங்க.

கணவன்: சிரிக்கக் கூடாது.

மனைவி: சிரிக்கற நிலைமைலயா இருக்கேன்?

கணவன்: பங்கு.

மனைவி: யாரோட பங்கு?

கணவன்: கம்பெனிப் பங்கு. எனக்கும் இருக்கு.

மனைவி: உங்களுக்கா!

கணவன்: உன் தங்கச்சிகிட்ட போன்ல சொல்லுவ இல்ல, ‘இந்த மாசம் பெயின்ட் கம்பெனி எடுத்திருக்கேன்டி’ன்னு. மறுநாள் நானும் அதையே எடுப்பேன். ஓவர்டைம் காசுல. கொஞ்சம் கொஞ்சமா.

மனைவி: என்னைப் பாத்தா காப்பி அடிச்சீங்க!

கணவன்: டயர் கம்பெனி உட்பட.

மனைவி: அப்ப அன்னைக்கு...

கணவன்: நீ பாத்ரூம்ல அழுத. நான் மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

மனைவி: கடவுளே... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?

கணவன்: உன்னை அத்தனை கிண்டல் பண்ணிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?

மனைவி: சரி, வாராவாரம் குடுத்தீங்களே, அது அந்த டிவிடெண்டா?

கணவன்: அது எங்க பத்தும்? ஒவ்வொண்ணா வித்தேன்.

மனைவி: வித்தீங்களா!

கணவன்: வேற என்ன பண்றது?

மனைவி: சோப்பு கம்பெனியையுமா?

கணவன்: அதைத்தான் முதல்ல.

மனைவி: ஐயோ... அவன் அடுத்த மாசம் டிவிடெண்ட் குடுக்கறான்! அதை மட்டும் வச்சுட்டு வேற எதையாவது வித்திருக்கக் கூடாதா? பால் கறக்கற நேரம் பாத்தா மாட்டை விப்பாங்க?

கணவன்: மூணு மாசமா பொய் சொல்லியிருக்கேன். அதுக்குக் கோபம் வரல. இதுக்கு வருது உனக்கு.

மனைவி: அதுக்கும் வரும். வரிசைல நிக்குது. மீதி எவ்வளவு இருக்கு?

கணவன்: பாதிக்கு மேல இருக்கு.

மனைவி: இனிமே அதுல கை வச்சீங்க, அவ்வளவுதான்... கடன் இல்லையே?

கணவன்: இல்லம்மா. இல்ல.

மனைவி: அப்பாடா... கொஞ்சம் இருங்க. மூச்சு விட்டுக்கறேன்.

கணவன்: தண்ணி குடி. இந்தா.

மனைவி: வண்டி போச்சுன்னா போச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?

கணவன்: சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? மருந்துக்கடைல ஞாயிறும் நிக்கறேன்னு கிளம்பியிருப்ப. மாட்டியா?

மனைவி: ...கிளம்பியிருப்பேன்.

கணவன்: அதான்.

மனைவி: அப்ப பகல் பூரா எங்கதான் போறீங்க? வேற வண்டி தேடவா?

கணவன்: முதல் வாரம் அப்படி நினைச்சுத்தான் கிளம்பினேன். அப்புறம்... விடு.

மனைவி: விட மாட்டேன்.

கணவன்: சொன்னா அசிங்கமா இருக்கும்.

மனைவி: பரவால்ல.

கணவன்: தூங்குறேன்.

மனைவி: தூங்கறீங்களா!

கணவன்: நிஜமாத்தான். நீ குடுத்து விடறதைச் சாப்பிட்டுட்டுப் படுத்தா சாயங்காலம்தான் முழிப்பு வருது. ஆறு நாள் லிஃப்டு, ஏழாவது நாள் டாக்ஸின்னு எத்தனை வருஷம்... வண்டியை வித்துட்டேன்னு அவர் சொன்னப்ப எனக்கு வருத்தமே வரல. உடம்பு அப்படியே லேசாயிடுச்சு. அதைத்தான் உன்கிட்ட சொல்ல முடியல. வேற வண்டி நான் தேடவே இல்ல. நீ ஒவ்வொரு பாயின்ட்டா பொறுக்கிச் சேக்கற. நான் என்னடான்னா, இருந்ததை வித்துத் தூக்கம் வாங்கிட்டிருக்கேன்.

மனைவி: அந்தத் தூக்கத்தை வீட்ல வந்து தூங்கக் கூடாதா?

கணவன்: திடகாத்திரமா இருக்கற மனுஷன் பட்டப்பகல்ல படுத்துக் கிடந்தா பாப்பா என்ன நினைப்பா?

மனைவி: அப்பா வீட்ல இருக்காருன்னு நினைப்பா... கண்ணைத் துடைங்க. இங்க வெங்காயம் எல்லாம் கிடையாது.

கணவன்: தூசி.

மனைவி: சரி, தூசி. நானும் ஒண்ணு சொல்லிடறேன். நாலு ஞாயிறு இல்ல.

கணவன்: என்ன நாலு இல்ல?

மனைவி: ரெண்டுதான் வருது. ரெண்டரைன்னு வச்சுக்கங்க. நாலுன்னு சும்மா சொன்னேன்.

கணவன்: கணக்குல பொய்யா? நீயா!

மனைவி: ரெண்டுன்னா மீதி ரெண்டுக்குப் போறேன்னு கிளம்பிடுவீங்க. அதான்.

கணவன்: அப்ப மீதிக்கு என்ன வழி?

மனைவி: உங்க பங்குல மிச்சம் இருக்கறது ஒரு அரை ஞாயிறு போடும். மூணு ஆச்சா? நாலாவதுக்கு இப்போதைக்குக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்போம். இனிமே ரெண்டு பேரும் ஒரே இடத்துல போட்டா சீக்கிரம் அதுவும் வந்துடும். டயர் கம்பெனிக்காரன்கூட இந்த வருஷம் திரும்பக் குடுக்கறானாம்.

கணவன்: பாத்தேன். போன வாரமே சொல்லிட்டான்.

மனைவி: எனக்கு முன்னாடியே பாத்துட்டீங்களா! பலே ஆளுதான்... எழுந்திரிங்க, பஸ் வருது.

கணவன்: கேனை எடுத்துக்கறேன். நீ பையைப் பிடி.

மனைவி: நாளைக்கு எங்கயும் கிளம்பாதீங்க. மெத்தையில படுங்க. பாப்பாகிட்ட நான் சொல்லி வைக்கறேன். அந்த அட்டை மேல படுத்துப் படுத்து முதுகு என்னத்துக்கு ஆகறது?

கணவன்: ம், சரி... இரு. எந்த அட்டை?

மனைவி: பஸ் நின்னுடுச்சு, ஏறுங்க.

கணவன்: எங்க தூங்குறேன்னே நான் சொல்லல. அட்டைன்னு உனக்கு யாரு சொன்னா?

மனைவி: வண்டியை வித்துட்டாங்கன்னு ஓனர் சம்சாரம் மருந்து வாங்க வந்தப்பவே சொல்லிட்டாங்க. அடுத்த ஞாயிறு உங்க பின்னாடியே வந்தேன். நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்ற அபார்ட்மென்ட் வாட்ச்மேன்தான் மேல கூட்டிட்டுப் போய் லிஃப்ட் மெஷின் ரூமைக் காட்டினாரு. அட்டையை விரிச்சு, டிபன் பாக்ஸைத் தலைக்கு வச்சு, வாயைத் தொறந்துக்கிட்டு... எழுப்பி நாலு கேள்வி கேக்கணும்னுதாங்க வந்தேன். அந்த நேரம் பாத்துக் கீழேருந்து யாரோ லிஃப்டைக் கூப்பிட்டாங்க. மோட்டார் கடகடன்னு ஓடுச்சு, நீங்க திடுக்குனு புரண்டு படுத்தீங்க. நானும் லிஃப்ட்ல இறங்கினா திரும்ப அந்தச் சத்தம் வருமேன்னு... அத்தனை மாடியும் படியிலயே இறங்கிட்டேன்.