இருபத்துநான்காம் திகதி என்று எழுதியது நான்

பெயர் மனுவேல் அஷ்வினி. வயது 26. வதிவிடம் பன்வில. கண்டிக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகமொன்றின் கணினிப் பிரிவில் தற்காலிக உதவியாளர். 2025.09.25 காலை 9.10க்கு, யாரும் அழைக்காமல், பொலிஸ் நிலையத்துக்கு வந்து தமிழில் கூறுவதாவது:

எமது அறிவித்தல்கள் தாளில் அச்சிடப்பட்டு, கையொப்பமும் முத்திரையும் இடப்பட்ட பின்னரே படமாக இணையத்தளத்தில் ஏற்றப்படும். முத்திரை இல்லாததை அலுவலகம் அறிவித்தலாக ஏற்பதில்லை. பார்வையற்ற மாணவர்களின் தொலைபேசி தளத்திலுள்ள எழுத்தை உரக்க வாசிக்கும், படத்திலுள்ளதை வாசிக்காது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், திரையில் தெரியாதபடி, அதன் வாசகத்தைத் தட்டச்சு செய்வது ஏப்ரல் முதல் என் வேலை.

ஓகஸ்ட் 28ஆம் திகதி, முதலாம் வருடப் பதிவுக்கு இறுதி நாள் செப்டெம்பர் 24 என்ற அறிவித்தல் வந்தது. வாசகத்தை முழுமையாக எழுதினேன். அதன் பின்னர் செப்டெம்பர் 3ஆம் திகதி, அதே தாளில் 24ஐப் பேனையால் வெட்டி 17 என எழுதி, பக்கத்தில் சிற்றொப்பம் வைத்துத் தந்தார்கள். பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். படம் நேராக இருக்கிறதா, சிற்றொப்பம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். பின்னால் இருந்த வாசகத்தை மாற்றவில்லை.

22ஆம் திகதி, அச்சுப்பொறி ஒன்றைப் பார்க்க நான் பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, கம்பளையிலிருந்து பார்வையற்ற புதிய மாணவர் அரூஸ் வந்தார். பிரதம எழுதுவினைஞர் நடராஜா, பதிவு முடிந்து அவருடைய இடம் இரத்தாகிவிட்டதாகக் கூறினார்.

"இல்ல சேர், இருபத்திநாலெண்டுதான் போன் வாசிச்ச."

"ஒங்க போனுக்கு நாங்க தனியா ஒரு தேதி வச்சிருக்கோமா தம்பி?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அரூஸ் கவுண்டரை விட்டு நகர மறுத்தார். காவலாளி அவரைக் கையில் பிடித்து இழுத்தபோது வெள்ளைக்கோல் பட்டுக் கவுண்டரின் கண்ணாடி உடைந்தது. நான் அச்சுப்பொறியை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பின்னர் என் மேசைக்குப் போய், ஹெட்போன் மாட்டி அந்தப் பக்கத்தைக் கேட்டேன். 24 என்றது. வாசகம் முழுவதையும் அழித்தேன். ஏன் திருத்தவில்லை என இங்கு என்னிடம் கேட்கப்பட்டது. ஒன்றும் இல்லாவிட்டால் யாரும் ஒன்றும் எழுதவில்லை என்றாகும் என நினைத்தேன். மறுநாள் தளத்தைப் பரிசோதித்தவர்கள், தொலைபேசி 24 என வாசிக்கக்கூடிய எழுத்து எங்கும் இல்லை என்றார்கள். அரூஸ் பொய் சொல்லிக் குழப்பம் விளைவித்ததாக இந்த நிலையத்தில் முறைப்பாடு செய்யப்பட்டது. அன்று மதியம் வழமைபோல் சாப்பிட்டேன்.

நேற்று மாலை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் அரூஸ் தனியாக நின்றார். சட்டைப் பையில் இந்தப் பொலிஸ் நிலையத்தின் அழைப்புக் கடிதம், தலைப்பு வெளியே தெரிய, மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். "ஆராச்சும் இருக்கீங்களா? இது கம்பளை பஸ்ஸா?" என்று கேட்டார். பெயர்ப்பலகையை வாசித்து, "ஆமாங்க, கம்பளைதான்" என்றேன். "தேங்ஸ் அக்கா" என்றார். வேறு யாரிடமும் கேட்காமல் ஏறினார்.

அரூஸ் பொய் சொல்லவில்லை. அவருக்கு வாசிக்கப்பட்டது நான் எழுதியது. அதை அழித்ததும் நானே.

மேற்படி வாக்குமூலம் எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. திகதிகளைக் கவனித்துக் கேட்டேன். திருத்த எதுவும் இல்லை. அனைத்தும் உண்மை எனக் கையொப்பமிடுகிறேன்.

ம. அஷ்வினி