இடது பக்க வீல்

இல்லண்ணே, பெயிண்ட் டப்பாவுல ஒரு குறையும் இல்ல. மூடியே திறக்கல, பாருங்க. திருப்பி எடுத்துக்கோங்கன்னுதான் சொல்றேன்.

ஐயோ, எப்படி அடிக்கணும்னு எனக்குச் சொல்லித் தராதீங்க. ரெண்டு மாசத்துல மூணு தடவை அடிச்சாச்சு. கார் வீலுக்கு ஸ்ப்ரே அடிச்சு அடிச்சு நகத்துல வெள்ளிக் கலர் போகவே மாட்டேங்குது. சோப்பு போட்டுக் கழுவி, சிராய்ப்பு மேல உப்புத்தாள் தேய்ச்சு, பள்ளத்துக்குப் பட்டி வச்சு, காய்ஞ்சதும் மறுபடி தேய்ச்சு... தேய்ச்சேண்ணே! கட்டைவிரல் ரேகையே அழிஞ்சு போச்சு. போன்ல விரல் வச்சாத் திறக்க மாட்டேங்குது.

டயர்ல படாம இருக்கவா? அதுக்குச் சீட்டுக்கட்டு. ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல ஒவ்வொரு சீட்டாச் சுத்தி வரச் சொருகிட்டேன். எங்க மாமனாரோட கட்டு அது. இப்ப அவர்கூட ஆடுறவங்க எல்லாம் பின்பக்கத்து வெள்ளிக் கறையைப் பாத்தே ராஜாவா ராணியான்னு சொல்லிடறாங்களாம். மனுஷன் என்கிட்ட முகம் குடுத்துப் பேசி ஒரு வாரமாச்சு.

அவ்வளவு பண்ணியும் போன தடவை பெயிண்ட் நிக்கவே இல்ல. புள்ளி புள்ளியா விலகி விலகிப் போகுது. அழுகையே வந்துடுச்சு. உங்களைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், மனசுல வச்சுக்காதீங்க. அப்புறம் பாத்தா, எங்க வீட்டுக்காரர் டயருக்குப் பாலிஷ் போட்ட எண்ணெய்த் துணியாலயே ரிம்மையும் துடைச்சு வச்சிருக்காரு. எனக்கு உதவி பண்றாராம்! தலைல அடிச்சுக்கிட்டு முதல்லேர்ந்து தேய்ச்சேன்.

மெக்கானிக் கடைல குடுக்கலாம்தான், விஷயம் வெளிய போயிடுமே. கார் எங்களோடதா என்ன? முதலாளியம்மாவோடது. இவரு டிரைவர், வேலை முடிஞ்சா வண்டி எங்க வாசல்லதான் நிக்கும். சனிக்கிழமை ஆனா அந்தம்மா வண்டியைச் சுத்தி வந்து விரலால தடவிப் பாப்பாங்க. ஒரு கீறல் இருந்தாப் போதும், சாவியை வாங்கி வச்சுப்பாங்க. முன்னால ஓட்டினவருக்கு அதான் ஆச்சு. வீட்ல அஞ்சு பேருண்ணே, இவர் ஒருத்தர் சம்பளம்தான்.

கவனமா ஓட்டச் சொல்லவா? நல்லாச் சொன்னீங்க போங்க. இருபத்தாறு வருஷமா ஓட்டறாரு. கேட்டா, நடைபாதைக் கல்லை எவனோ உயரமா வச்சுட்டான்னு திட்டுவாரு. உரசறது எல்லாம் இடது பக்கம்தான். முன் வீலு, இல்லன்னா பின் வீலு. சாப்பிடும்போது இடது பக்கம் தண்ணி வச்சாத் தட்டி விட்டுடறாரு. இப்ப நான் எல்லாத்தையும் வலது பக்கமா மாத்தி வச்சுடறேன். டாக்டர்கிட்டப் போலாம்னா, என் கண்ணுக்கு என்ன கேடுன்னு எரிஞ்சு விழறாரு. எனக்கும் பயம்ணே, டாக்டர் ஏதாவது சொல்லிட்டா வேலை போயிடுமே. பெயிண்ட் அடிக்கறது சுலபமா இருந்துச்சு, அடிச்சேன்.

காசு வேணாம், வைங்க. டப்பாவை மட்டும் எடுத்துக்கோங்க. நாளைக்குச் சனிக்கிழமைதான், தெரியும்.

நேத்து முன் வீலைத் தேய்க்க உக்காந்தேன். சிராய்ப்புல நீலக் கலர் ஒட்டியிருந்துச்சு. நடைபாதைக் கல்லு நீலமாவா இருக்கும்? எழுந்திருச்சுத் தெருமுனை வரைக்கும் நடந்து பாத்தேன். மூணாவது வீட்டு வாசல்ல ஒரு சின்ன நீலச் சைக்கிள், சக்கரம் வளைஞ்சு கிடக்கு. குழந்தை அதைப் போட்டுட்டுத் தண்ணி குடிக்க உள்ள போயிருந்த நேரமாம். எந்த வண்டின்னு அவங்களுக்குத் தெரியல. இவருக்கு இடிச்சதே தெரியலண்ணே.

அந்த நீலத்தை அந்தம்மா பாக்கட்டும். டப்பா வீட்ல இருந்தா நான் அடிச்சுடுவேன்.