சுமைகூலி

அக்கா: கட்ட மாட்டேன்னா கட்ட மாட்டேன்டா! உன் பெட்டிய அவங்களே வச்சுக் கும்பிடட்டும்.

தம்பி: அக்கா, கத்தாத. போன்ல நல்லாத்தான் கேக்குது.

அக்கா: போன் இல்லாமலே கேக்கட்டும்னுதான் கத்தறேன். நீ இருக்கற நாடு வரைக்கும் கேக்கட்டும்.

தம்பி: முதல்ல அந்தத் தையல் மெஷின நிறுத்து. காது கிழியுது.

அக்கா: நிறுத்தினா சோறு எங்கேருந்து வரும்? உன் பெட்டிக்குள்ளேருந்தா?

தம்பி: சரி, ஓட்டு. பார்சல் ஆபீஸ்ல என்ன சொன்னாங்க? அத மட்டும் சொல்லு.

அக்கா: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு ஒருத்தன் சிரிக்கிறான். "உங்க தம்பி நல்லா சம்பாதிக்கிறாரு போல"ங்கறான். எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாத்தான் இருந்துச்சு. அப்புறம் தாளை நீட்டினான் பாரு...

தம்பி: எவ்ளோ?

அக்கா: நாலு மாசக் கரண்டு பில்லு.

தம்பி: இருக்காதே... அவ்ளோ வராதே...

அக்கா: வந்திருக்கே! முதல்ல பெட்டிக்கு வரி. அப்புறம் அந்த வரிக்கு மேல ஒரு வரி. அந்த ரெண்டு வரியையும் என்கிட்டேருந்து வாங்கற சிரமத்துக்கு ஒரு கூலி. சரி, முடிஞ்சுதேன்னு பர்சைத் தொறந்தா, "இருங்கம்மா, பெட்டி இங்க இடத்த அடைச்சுக்கிட்டு இருந்ததுக்கு வாடகை"ங்கறான். நானாடா அங்க குடி வச்சேன்?

தம்பி: அதெல்லாம் எல்லா ஊர்லயும் உள்ளதுதான்க்கா.

அக்கா: எல்லா ஊர்லயும் உள்ளதா? அப்ப தெரிஞ்சேதான் அனுப்பியிருக்க!

தம்பி: இவ்ளோ வரும்னு தெரியாது.

அக்கா: சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

தம்பி: உள்ள இருக்கறது ஒண்ணும் சுண்டைக்கா இல்ல.

அக்கா: அப்படியா? வேற என்ன இருக்கு? சொல்லு, கேப்போம்.

தம்பி: அதான் பெட்டி மேலயே எழுதி ஒட்டியிருக்கேனே. வாட்சு, ஜாக்கெட்டு, தோல் ஷூ, குக்கரு...

அக்கா: "எல்லாம் புதுசு. அன்பளிப்பு." பக்கத்துல ஒரு விலை. அந்த விலைக்கு நான் இன்னொரு மெஷினே வாங்குவேன்டா, மோட்டாரோட.

தம்பி: உள்ளத உள்ளபடிதானே எழுதணும்?

அக்கா: ஆமாமா... அரிச்சந்திரன். நீ அங்க என்ன வேலைடா பாக்கற?

தம்பி: தெரியாத மாதிரி கேக்கறியே. பார்சல் குடோன்ல.

அக்கா: நாள் பூரா ஊரார் பெட்டிய ஒட்டி அனுப்பறவன் நீ. மத்தவன் தங்கத்த அனுப்பினாலும் தகரம்னு எழுதுவான்னு நீதான் சொல்லிச் சிரிப்ப. இப்ப உன் பெட்டிக்கு மட்டும் என்ன வந்துச்சு?

தம்பி: தானமா வந்த மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்கறியே அக்கா. இது நல்லாவா இருக்கு?

அக்கா: மாட்டுக்குத் தீனிக் காசு நான்ல கட்டணும்? பல்ல மட்டுமில்ல, வாலையும் சேத்துத்தான் பாப்பேன்.

தம்பி: நான் தர்றேன் அந்தக் காச. போதுமா?

அக்கா: தா.

தம்பி: ம்?

அக்கா: தாங்கறேன். இப்பவே அனுப்பு. போன்லயே அனுப்பலாமாமே.

தம்பி: சம்பளம் வரட்டும்...

அக்கா: எப்ப வரும்?

தம்பி: இந்தத் தடவ கொஞ்சம் லேட்டாகும்.

அக்கா: ஏன் லேட்டாகும்?

தம்பி: நீ என்னக்கா, அந்தக் கண்ணாடிக்காரன விட மோசமா கேள்வி கேக்கற? அனுப்பலன்னாலும் குத்தம். அனுப்பினாலும் குத்தம். நான் என்னதான் செய்யட்டும்?

அக்கா: அனுப்பலன்னு நான் எப்படா குத்தம் சொன்னேன்?

தம்பி: நீ சொல்லல. அத்தான் சொன்னாரு.

அக்கா: எப்ப?

தம்பி: போன வருஷம். "போயி இத்தன நாளாச்சு, ஒரு பெட்டி கூட வரலையே மாப்ளே, அங்க ரோடு கூட்டறியா"ன்னு கேட்டாரு. பக்கத்துல யாரோ சிரிச்சாங்க. எனக்குக் கேட்டுச்சு.

அக்கா: அது விளையாட்டுக்குக் கேட்டதுடா.

தம்பி: உங்களுக்கு விளையாட்டு. எனக்குத் தூக்கம் போச்சு. அத்தான் பக்கத்துல இருக்காரா?

அக்கா: ஏன், இருந்தா என்ன? வேலைக்குப் போயிருக்காரு. யாரோ வீட்டுல ஏசி ஓடலையாம்.

தம்பி: அப்ப சொல்றேன் கேளு. ஆமா, அவரு பாக்கட்டும்னுதான் அந்த விலைய எழுதினேன். அவருதானே பெட்டிய எடுக்க வருவாரு? மேல ஒட்டினத அவரு வாய்விட்டுப் படிக்கட்டும்னுதான் பெரிய எழுத்துல எழுதினேன். போதுமா?

அக்கா: கண்ணாடிக்காரன் படிச்சான்டா. வாய்விட்டுப் படிச்சு, அதுக்கு வரியும் போட்டான்.

தம்பி: போட்டா போடட்டும்!

அக்கா: நீ என்ன வேணா பேசு. நான் திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன்.

தம்பி: என்னது?

அக்கா: வாங்க மாட்டேன், வந்த இடத்துக்கே அனுப்புங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். திருப்பி அனுப்பறதுக்குக் காசு இல்லையாம். அது ஒண்ணுதான் அங்க இலவசம்.

தம்பி: அய்யோ அக்கா! அப்படிச் செய்யாத. இங்க வந்தா வாங்க ஆள் இல்ல!

அக்கா: ஏன், நீ எங்க போன?

தம்பி: நான்... டியூட்டிக்குப் போயிருப்பேன்ல.

அக்கா: ராத்திரி வருவல்ல?

தம்பி: வருவேன்... வந்தாலும்... அந்த விலாசம் கொஞ்சம் குழப்பம்க்கா. விடு. திருப்பி மட்டும் அனுப்பாத. எப்படியாவது எடுத்து வீட்டுல ஒரு மூலையில போட்டு வை. பிரிக்காத.

அக்கா: அன்பளிப்ப பிரிக்காம என்னடா செய்யறது, பொங்கித் திங்கறதா?

தம்பி: நான் வந்து பிரிக்கிறேன்.

அக்கா: எப்ப வர்ற?

தம்பி: லீவு கிடைச்சா...

அக்கா: எப்ப கிடைக்கும்?

தம்பி: கேட்டிருக்கேன்.

அக்கா: இரு, அங்க யாரு உன்ன நகரச் சொல்றது?

தம்பி: யாரும் இல்ல. கூட இருக்கறவன் கூட்டறான்.

அக்கா: உன் ரூமுல உன்னையே தள்ளி உக்காருங்கறானா?

தம்பி: கூட்டும்போது நகரத்தானேக்கா வேணும்? இதுக்கும் வரி போடுவ போல.

அக்கா: சரி... அந்தத் தோல் ஷூ யாருக்கு?

தம்பி: அத்தானுக்கு.

அக்கா: என்ன சைஸு?

தம்பி: அவரு சைஸுதான்.

அக்கா: அவரு சைஸு என்ன?

தம்பி: ...கடைக்காரன்கிட்ட ஆளு இப்படி இருப்பாருன்னு சொன்னேன். அவனே எடுத்துக் குடுத்தான்.

அக்கா: ஆளோட மூஞ்சியச் சொன்னா காலுக்கு ஷூ தர்ற ஊரா அது? பரவால்லியே!

தம்பி: கிண்டல் பண்ணாத.

அக்கா: பண்ணல. நீ போறப்ப ஒரு கோடு போட்ட சட்டை தச்சுக் குடுத்தேனே, இருக்கா? இல்ல, கிழிச்சுத் துடைக்கப் போட்டுட்டியா?

தம்பி: அதைப் போய் கிழிப்பேனா? நேத்துகூட அதத்தான் போட்டுட்டு வேலைக்குப் போனேன்.

அக்கா: நேத்தா?

தம்பி: ஆமா.

அக்கா: நேத்து போட்டியா?

தம்பி: ஆமாங்கறேன்ல... என்னக்கா, மெஷின நிறுத்திட்ட? லைன்ல இருக்கியா?

அக்கா: இருக்கேன். ராத்திரி எதுல படுக்கற?

தம்பி: இது என்ன கேள்வி? கட்டில்லதான்.

அக்கா: மேல என்ன விரிச்சுக்கற?

தம்பி: பெட்ஷீட்டு. வேற என்ன?

அக்கா: எந்த பெட்ஷீட்டு? பச்சைப் பூப் போட்டதா? ஒரு மூலையில அயர்ன் பாக்ஸ் சுட்ட ஓட்டை இருக்குமே, அதுவா?

தம்பி: அக்கா...

அக்கா: பெட்ஷீட்டையே பெட்டியில கட்டி அனுப்பறவன் எதுலடா படுப்பான்? எவன் வீட்டுத் தரையிலடா கெடக்கற?

தம்பி: நீ... பெட்டிய எடுத்துட்டியா?

அக்கா: முந்தாநாளே காசு கட்டி எடுத்தாச்சு. பிரிச்சும் பாத்தாச்சு. அடி பிடிச்ச குக்கரு. முள்ளு நின்னு போன வாட்சு. குதிகால் தேஞ்ச ஷூ. அம்மா போட்டோ. அம்மா போட்டோவ சாக்ஸுக்குள்ள சுத்தி வச்சிருக்க... இதெல்லாம் புதுசு! இதெல்லாம் அன்பளிப்பு! நேத்து நீ போட்டுட்டுப் போன சட்டை என் கொடியில காயுதுடா. துவைச்சு ஒருநாள் ஆச்சு.

தம்பி: எல்லாம் தெரிஞ்சுகிட்டா இவ்ளோ நேரம் கேட்ட?

அக்கா: நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன். முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிற மாதிரி, மறைச்சுக்கிட்டே போற... எப்ப போச்சு வேல?

தம்பி: குடோனயே மூடிட்டாங்கக்கா. ரெண்டு மாசம் ஆச்சு. ரூமையும் விட்டாச்சு, சாமான வைக்க இடமில்லாமத்தான் பெட்டி கட்டி அனுப்பினேன். டிக்கெட்டுக்குக் காசு தனியா வச்சிருக்கேன்... எடுக்கத்தான் கை வரல. அத்தான் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

அக்கா: அதுக்கு?

தம்பி: இன்னொரு ஊர்ல ஏதோ வேல இருக்காம். பேப்பரெல்லாம் கேக்க மாட்டாங்களாம். போலாமான்னு...

அக்கா: செருப்பு பிஞ்சிரும்! பேப்பர் இல்லாத வேலைக்குப் போய் எந்த ஜெயில்லயாவது கெடந்தா உன்ன மீட்க நான் எந்தக் கண்ணாடி முன்னாடி போய் நிக்கறது? கண்ணாடிக்காரன் கடைசியா என்ன சொன்னான் தெரியுமா? உடைச்சுக் காட்டினப்ப பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தான். அப்புறம் சிரிக்கல. "அம்மா, திரும்பி வர்றவரோட பழைய சாமான்னு எழுதியிருந்தா இந்த வரியே வந்திருக்காது, இப்ப மாத்த முடியாது"ன்னான். பொருளுக்கு இல்லடா, உன் பொய்க்குக் கட்டினேன் வரி! அந்தக் கோவம்தான் எனக்கு. காசு போனது கூட இல்ல. ரெண்டு மாசம் என்கிட்ட "சாப்ட்டேன், சாப்ட்டேன்"னு சொன்னியே, அது!

தம்பி: அழாதக்கா.

அக்கா: யாரு அழுதா? கோவத்துல மூக்கு ஒழுகுது.

தம்பி: அத்தானுக்குத் தெரிய வேணாம். அவரு வேலையிலேருந்து வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்து மறைச்சிரு. கால்ல விழுந்து கேக்கறேன். அவரு பாத்தா...

அத்தான்: பாத்துட்டேன் மாப்ளே. எந்த ஏசியும் கெடல, காலையிலேருந்து இங்கதான் உக்காந்திருக்கேன், நீ பேசினதெல்லாம் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. கண்ணாடிக்காரன் முன்னாடி பெட்டிய உடைச்சதே நான்தான். உன் ஷூ எனக்கு ஒரு சைஸ் சின்னது, போட்டுப் பாத்தேன், காலைக் கடிக்குது. வந்து நீயே போட்டுக்கோ. டிக்கெட்ட இன்னிக்கே எடு. வர்றப்ப இன்னொரு பெட்டிய கட்டித் தூக்கிட்டு வராத. வெறுங்கையோட வா, அதுக்கு எவனும் வரி போட மாட்டான்.